போன நீரைத் திருப்பிக் கொடுங்கள்

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிறு குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றியும் அவற்றை வராமல் தடுப்பது பற்றியும் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா நோயையும் தொட்டுத் தொட்டுப் போனால் வீட்டுக்குப் போகும்போது எதுவும் நினைவில் நிற்காது. அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். வயிற்றுப்போக்கு. சாதாரணமாகப் 'பேதி' என்றும் 'கழிச்சல்' என்றும் சொல்கிறோமே, அதுதான்.

இதற்குப் போய் ஒரு கூட்டமா என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் இதற்கான மருந்து ஒரு டீ, ஒரு வடை வாங்கும் காசுக்குக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தக் காசும் வேண்டாம். மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தும் குழந்தை சாகிறது என்றால், கோளாறு நாம் நோயைப் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் நடக்கும் உரையாடலைச் சொல்கிறேன். பாட்டி மடியில் குழந்தை, பக்கத்தில் தாய்.

"நேத்து ராத்திரியிலிருந்து எட்டுத் தடவை போயிட்டான் டாக்டர். ஒரு ஊசி போட்டு நிறுத்திடுங்க."

"குடிக்க என்னம்மா கொடுத்தீங்க?"

"தண்ணியே காட்டலைங்க. குடிச்சா குடிச்சது அப்படியே போகுதே! அதான் வயித்தைக் காயப் போட்டிருக்கோம்."

இந்தப் பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர் கண்ணால் கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். படித்த மருத்துவ உலகமே நெடுங்காலம் இதைவிட மோசமாக நடந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டில் காலரா வந்து நீர் வற்றிக் கிடந்தவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் ரத்தத்தை வடித்தார்கள். இன்னும் பேதியாக மருந்து கொடுத்தார்கள். பின்னாளிலும் 'குடலுக்கு ஓய்வு' என்று சொல்லிக் குழந்தையைப் பட்டினி போட்ட மருத்துவர்கள் உண்டு. பாட்டி செய்வதும் அதுவே.

பாட்டியும் பழைய மருத்துவர்களும் எதிரியைத் தவறாக அடையாளம் கண்டார்கள். கழிச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கிவிடும். அதற்குள் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான் குழந்தையின் உயிரைக் கொண்டுபோகின்றன. ஆகவே முதல் கவலை 'எப்படி நிறுத்துவது' என்பதாக இருக்கக் கூடாது. 'எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம்' என்பதாக இருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பெரியவர்கள் தாங்கும் பேதியைக் குழந்தை ஏன் தாங்குவதில்லை? பிறந்த குழந்தையின் எடையில் நான்கில் மூன்று பங்கு நீர். ஒரு வயதுக் குழந்தையின் எடை பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடலிலிருந்து ஒரு லிட்டர் நீர் போனால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அது உயிருக்கு ஆபத்தான கட்டம். பெரிய ஆளுக்கு ஒரு லிட்டர் போனால் சோர்வு. குழந்தைக்கு அதுவே விளிம்பு. பெரியவருக்குத் தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடிப்பார். கைக்குழந்தை அழத்தான் முடியும். நீர் மேலும் வற்றினால் அழவும் முடியாது.

அறிகுறிகளை நம் வீட்டுப் பெண்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். 'கண்ணு உள்ளே போயிருச்சு', 'உச்சிக்குழி பள்ளமா இருக்கு', 'அழுதா கண்ணீர் வரலை' என்று துல்லியமாகச் சொல்வார்கள். பார்ப்பதில் குறையில்லை. கண்டதற்குக் காரணம் கற்பிப்பதில்தான் வழி தவறுகிறது. குடலேற்றம் என்று குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறார்கள். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பல் முளைக்கிற பேதி, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளமான உச்சிக்குழி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு நீர் வேண்டும். இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பினால் நல்லது. மெதுவாகத் திரும்பினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் பேச்சுக்கு நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, குடித்தது அப்படியே போகிறதே என்ற பாட்டியின் கேள்விக்கு என்ன பதில்? வெறும் தண்ணீரைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. பதில் குடல் சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு கதவு இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தால் அது திறக்கும்; இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். இந்த இணைப்பை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் விளக்கினார். காலராக் கிருமி குடலைப் படாதபாடு படுத்தும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதுதான் மனித குலத்தின் அதிர்ஷ்டம். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுத்து, நரம்பில் ஏற்ற வேண்டிய சலைனின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். ஆனாலும் இது மருத்துவமனைக்குள், வல்லுநர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய காரியம் என்றே உலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த நினைப்பை உடைத்த இடம் மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊரான பன்காவ். 1971. வங்கதேசப் போரால் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து அங்கே போன குழந்தை மருத்துவர் திலீப் மஹலநாபிஸ், மருத்துவமனையின் இரண்டு அறைகளில் தரை முழுக்க நோயாளிகள் கிடப்பதைப் பார்த்தார். அவர்கள் கழித்ததிலும் வாந்தி எடுத்ததிலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற முடிந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை.

அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இந்தக் கணக்கில் பொட்டலங்கள் கல்கத்தாவில் கட்டப்பட்டு முகாமுக்கு வந்தன. பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் பக்கத்தில் இருந்த அம்மா, அக்கா, கணவன் யாராக இருந்தாலும் கையில் டம்ளரைக் கொடுத்து, 'குடிக்கக் குடிக்கக் கொடுங்கள்' என்றார்கள். சாவு விகிதம் 30 சதவீத அளவிலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. 1978இல் லான்செட் மருத்துவ இதழ், இந்தச் சிகிச்சைக்கு அடிப்படையான உப்பு-சர்க்கரை இணைப்பின் கண்டுபிடிப்பை, அந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று தலையங்கத்தில் பாராட்டியது. மஹலநாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்கு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

பன்காவில் புதிதாகக் கண்டுபிடித்தது கரைசலை அல்ல, கொடுப்பவரை. வெள்ளை கோட்டு போட்டவர் வர வேண்டியதில்லை, குழந்தையின் அருகில் இருப்பவரே மருத்துவராகலாம் என்று அந்த டம்ளர்கள் நிரூபித்தன.

இதை வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போனார்கள். 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். ஒரு பிடி வெல்லம், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, அரை சேர் தண்ணீர். இதைத் தாயின் கையாலேயே கலக்கவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சம்பளம் கொடுத்த முறை கவனிக்கத்தக்கது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுக் கூலி கொடுக்கவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் போய்த் தாயிடம் கேட்பார். அவர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதற்கேற்ப ஊழியருக்குக் கூலி. பேச்சாளர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் இந்த அரங்கில் எனக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைத்தது 60.6 சதவீதத்தினருக்கு. துத்தநாகம், அதாவது ஜிங்க் மருந்து கிடைத்தது 30.5 சதவீதத்தினருக்கு. பன்காவ் நடந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்தப் பொட்டலம் எட்டவில்லை.

எட்டிய வீட்டிலும் கலக்கும்போது தவறு நடக்கிறது. கடையில் இரண்டு அளவில் பொட்டலம் கிடைக்கிறது. சிறியது 200 மில்லி தண்ணீருக்கு, பெரியது ஒரு லிட்டருக்கு. பலர் பெரிய பொட்டலத்தைப் பிரித்து, டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு டம்ளரில் உப்பு கூடும், இன்னொன்றில் குறையும். உப்பு கூடினால் அது மருந்தல்ல, ஆபத்து. முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில், சொன்ன அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சுவைக்காகச் சர்க்கரையோ எலுமிச்சையோ ஜூஸோ சேர்க்காதீர்கள்.

ஜூஸ் என்றதும் இன்னொன்று. பழச்சுவை கொண்ட டெட்ரா பாக்கெட் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெரிதாகப் போட்டு மருந்துக் கடையிலேயே விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை தேவைக்கு மேல்; உப்புகள் தேவைக்குக் கீழ். குடலில் சர்க்கரை மிகுந்தால் அது உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கட்டும், நீங்கள் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சரியான ஒரு லிட்டர் கலவையில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. புட்டியில் ஊற்றிக் கடகடவென்று கொடுத்தால் வாந்தி வரும். ஸ்பூனால், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு, சிணுங்குகிற பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஸ்பூன் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. தாய் ஒருத்தியால் ஆகாது. அப்பா ஒரு முறை, பாட்டி ஒரு முறை என்று மாற வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த சாதம், பருப்பு, இட்லி, தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லவை. பட்டினி போட்டால் குழந்தை இளைக்கும். இளைத்த குழந்தைக்கு அடுத்த பேதி சீக்கிரம் வரும், கடுமையாக வரும். ஜிங்க் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாளும் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைந்துவிடும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அடுத்த சில மாதங்களுக்கான காப்பு மீதி நாட்களின் மாத்திரையில் இருக்கிறது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும், பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். அது குடலின் அசைவை முடக்கும். ஆன்டிபயாடிக் மருந்தும் பெரும்பாலான பேதிக்குத் தேவையில்லை. ரத்தம் கலந்து போனாலோ காலரா என்று சந்தேகம் இருந்தாலோ மருத்துவர் முடிவு செய்வார்.

எப்போது வீட்டு வைத்தியம் போதாது? மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத சோர்வு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வலிப்பு, கடும் காய்ச்சல், இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. வழி நெடுகக் குழந்தை விழுங்குகிற வரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வந்தபின் காப்பதைச் சொன்னேன். வராமல் காப்பதற்கும் இதே கைகள்தான். குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, கோடை என்று மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவது, தெருவில் வருகிற கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றுவது, எல்லாம் கிருமிக்கு நாமே வழிவிடுவது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். குழந்தைக்கு வேண்டிய தண்ணீரும் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. பிறகு, கை. சமைக்கும் முன், ஊட்டும் முன், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவினால் பேதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தவிர்க்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'பச்சப்புள்ள மலத்துல என்ன அசிங்கம்' என்று வாசல் சாக்கடையில் தள்ளிவிடுகிறோம். கிருமிக்கு வயது வித்தியாசம் கிடையாது. அதையும் கழிவறையில்தான் போட வேண்டும்.

எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நுழைந்துவிடும் ஒரு கிருமி உண்டு. ரோட்டா வைரஸ். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவரது குழுவினரும் கண்டறிந்தார்கள். தடுப்பு மருந்து வரும்வரை, பணக்கார நாடு ஏழை நாடு என்ற வேறுபாடின்றி ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது தொட்டுவந்தது. டெல்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடமிருந்து எடுத்த வைரஸ் வகையைக் கொண்டு உருவான இந்தியத் தடுப்பு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் பரிசோதிக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். இந்தத் தடுப்பு மருந்து 2016இல் நான்கு மாநிலங்களிலும் 2017இல் தமிழ்நாட்டிலும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளோடு வாயில் விடும் சொட்டு அதுதான். கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்குச் சற்று மேல் அது தடுக்கிறது. பாதிதானா என்று கேட்காதீர்கள். ரோட்டாவால் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டிய குழந்தைகளில் பாதி என்று கணக்குப் போடுங்கள்.

தட்டம்மைத் தடுப்பூசிக்கும் பேதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தட்டம்மை குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பல மாதங்களுக்கு அழித்துவிடும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, பேதியாலும் நிமோனியாவாலும் குழந்தை சாகலாம். தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. கூடவே வைட்டமின் ஏ திரவம், ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. புதன்கிழமை என்பது தடுப்பூசி நாள் என்று உங்கள் கிராம சுகாதார செவிலியர் சொல்லியிருப்பார். அன்று கூலி வேலை போகிறதே என்ற கவலை நியாயமானது. ஒரு பேதிக்காகக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எத்தனை நாள் கூலி போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நண்பர்களே, பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை மனத்தில் வைத்தே இதுவரை பேசினேன். ஆனால் இந்தப் பேச்சு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கும்தான். பேதி நள்ளிரவிலும் வரும். அப்போது கடை மூடியிருக்கும். ஆகவே கூட்டம் முடிந்ததும் வழியில் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வாங்குங்கள். பின்பக்கத்தில் 'உலக சுகாதார நிறுவனச் சூத்திரம்' என்று இருக்கிறதா, எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது, மூன்றையும் பாருங்கள். வீட்டில் ஒரு லிட்டர் சரியாகப் பிடிக்கும் பாத்திரம் எது என்று இன்றே அளந்து வையுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம், 'வயித்தைக் காயப் போடாதீங்க, போனதைத் திருப்பிக் குடுங்க' என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரிடமே கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் எனக்கான கூலி வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்கிறேன்.